நாலு அடி முன்னால்

“எங்களாலதான் உங்க ஆட்டம் கெட்டுப்போச்சு. தப்பா எடுத்துக்காதீங்க தம்பி.”

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, கழற்றிய செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து இப்படிச் சொன்னார். நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். “அதெல்லாம் இல்லம்மா, எல்லாரும் நல்லாத்தான் ஆடினீங்க” என்று வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நானும்தான். அவர் போன பிறகு யோசித்தால், மன்னிப்புக் கேட்டது அவர் மட்டுமில்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க ஆளாளுக்கு எதையோ சொல்லித் தங்களையே குறை கூறிக்கொண்டிருந்தார்கள். “எனக்குத் தாளமே வராது”, “எனக்கு ரெண்டும் இடது கால்”, “சின்ன வயசுலயே நமக்கு இதெல்லாம் வராது.” ஒரு விழாவுக்கு வந்த நாற்பது பேரை, தங்களுக்கு ஆட வராது என்ற முடிவோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். வேறு எந்த வேலையில் இப்படி ஆகியிருந்தாலும் வாடிக்கையாளர் என்னைத்தான் திட்டியிருப்பார். இதில் மட்டும் அவர்களே மன்னிப்புக் கேட்கிறார்கள். அந்த மன்னிப்பு மாதக்கணக்கில் என்னை விடவில்லை.

ஆடுகிறவர்களுக்கு அடுத்த அசைவை மைக்கில் சொல்லும் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் காலர் என்று பெயர். தமிழில் அதைச் சொன்னால் சட்டையில் வைத்துத் தைப்பதுதான் நினைவுக்கு வரும் என்பதால், ‘ஆட்டம் சொல்பவன்’ என்று சொல்லிக்கொள்கிறேன். கூட்டமாகச் சேர்ந்து ஆடும் இந்த மேற்கத்திய ஆட்டங்களில் பார்ன் டான்ஸ், கான்ட்ரா, ஸ்கொயர் என்று பல வகை உண்டு. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இப்படி ஆடிப்பாடும் கூட்டத்துக்குக் கேலி என்று பெயர், உச்சரிப்பு அதேதான். பெயர்ப் பொருத்தம் எனக்கு உறைக்காமல் இல்லை. ஆடுகிறவர்களுக்கு முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் இசைக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருப்பார். ஐரோப்பாவில் ஆட்ட வாத்தியாரிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் ஆட வருவார்கள். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிடில் வாசித்த கறுப்பினக் கலைஞர்கள் வாசித்துக்கொண்டே ஆட்டத்தைக் கூவிச் சொன்னார்கள். இந்தக் கலையின் முன்னோடிகள் அவர்கள்தான். வாத்தியாரிடம் போக நேரமும் பணமும் இல்லாதவர்களும் ஆடலாம் என்று ஆக்கியது அந்தக் குரல். அப்படிப்பட்ட ஒரு குரலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் நாற்பது பேரை மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

எத்தனை பேர் வந்தாலும்

அன்று நான் தேர்ந்தெடுத்தது நீள வரிசை ஆட்டம். இரண்டு வரிசைகள், எதிரெதிரே ஜோடிகள். 1651இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு வெளியிட்ட ஆட்டப் புத்தகத்தில் பல ஆட்டங்களுக்கு மேலே ‘நீளவாக்கில், விரும்புகிற எல்லாருக்கும்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பில்தான் ஏமாந்தேன். தலையை எண்ண வேண்டாம், நாற்பது பேர் வந்தாலும் நிற்க வைத்துவிடலாம், அடவுகளும் எளியவை. வேறென்ன வேண்டும்?

வரிசையின் இரண்டு நுனிகள்தான் நான் யோசிக்காமல் விட்டது. இந்த ஆட்டத்தில் ஜோடிகளை ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று பிரித்துக்கொள்வார்கள். இசையின் 64 தாள அடி முடிந்ததும் ‘ஒன்று’கள் ஓர் இடம் கீழே இறங்குவார்கள், ‘இரண்டு’கள் ஓர் இடம் மேலே ஏறுவார்கள். எல்லாருக்கும் புது எதிர் ஜோடி கிடைக்கும். நுனிக்கு வந்து சேர்ந்த ஜோடிக்கு மட்டும் எதிரே ஆள் இருக்காது. அவர்கள் ஒரு சுற்று சும்மா நின்று, இடம் மாறிக்கொண்டு, இதுவரை ‘ஒன்று’ என்றால் இனி ‘இரண்டு’ ஆகித் திரும்பி வர வேண்டும். பழகியவர்களுக்கு அது மூச்சுவாங்கிக்கொள்ளக் கிடைக்கும் இடைவெளி. புதியவர்களுக்கு, நடுத்தெருவில் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது போல. இதை நான் பத்து நிமிடம் விளக்கினேன். விளக்க விளக்க முகங்கள் வாடின. நாலாவது சுற்றில் மேல் நுனியில் நின்ற ஜோடி, சும்மா நிற்பது ஏதோ தவறு என்று நினைத்து அடுத்த நால்வருக்குள் புகுந்தது. அங்கே இருந்த ஒரு ஜோடி கீழே தள்ளப்பட்டது. அவர்கள் இன்னொரு ஜோடியைத் தள்ளினார்கள். முந்தானை நுனியில் நூல் பிரிய ஆரம்பித்தால் எப்படிப் போகுமோ, அப்படி ஆட்டம் இரு முனையிலிருந்தும் பிரிந்து நடுவே வந்து நின்றது. இசை மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சரி, பாடம் கற்றாயிற்று, நுனி இல்லாத ஆட்டமாக எடுப்போம் என்று முடிவு செய்தேன். மூன்று மாதம் கழித்து அதே குழு, ஆச்சரியமாக, மறுபடி கூப்பிட்டது. (இரக்கப்பட்டுக் கூப்பிட்டார்களோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.) இந்த முறை சிசிலியன் சர்க்கிள். ஒரு ஜோடியை இன்னொரு ஜோடி பார்த்து நிற்க, அந்த நால்வர் கூட்டங்கள் அறை முழுக்க ஒரு பெரிய வளையமாக அமையும். கை கோத்து ஒரு பக்கம் 8 அடி, திரும்பி மறுபக்கம் 8 அடி. நால்வரும் வலக்கையை நடுவே கொடுத்து நட்சத்திரம் போல 8, இடக்கையில் 8. எதிரே நிற்பவரை முதுகோடு முதுகாகச் சுற்றி வர 8, தன் ஜோடியாக நிற்பவரை அதே மாதிரி சுற்ற 8. முன்னே வந்து பின்னே போக 8. கடைசி 8இல் எதிர் ஜோடியைத் தோளுரசிக் கடந்து அடுத்த ஜோடியிடம் போய்விட வேண்டும். மொத்தம் 64. வளையத்துக்கு நுனி கிடையாது, யாரும் சும்மா நிற்க வேண்டியதில்லை.

ஆட்டம் உடையவில்லை. ஆனால் ஓடினார்கள். நட்சத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓட்டம், அதையும் பாதியில் விட்டு ஓட்டம். வேர்த்துக் கொட்டி, சிரிப்பும் பதற்றமுமாக முடித்தார்கள். “கொஞ்சம் மெதுவான கூட்டம்” என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பென்சிலோடு உட்கார்ந்த இரவு

யாரோ போனில் எடுத்த நாலு நிமிட வீடியோ ஒன்று மறுநாள் வந்தது. என் குரலைக் கேட்கப் பிடிக்காமல் இரண்டு நாள் திறக்கவில்லை. பிறகு ஓர் இரவு, ஒரு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு எட்டு அடிக்கும் ஒரு கோடு போட்டு, நான் எந்த அடியில் வாய் திறக்கிறேன், அவர்கள் எந்த அடியில் நகர்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே போனேன்.

இசை, இந்த வகை ஆட்டங்களின் வழக்கமான வேகம், நிமிடத்துக்குச் சுமார் 116 அடி. ‘ஒன்று’ என்ற அடி விழுகிறது. அப்போதுதான் என் குரல் தொடங்குகிறது: “வலது கை கொடுத்து நட்சத்திரம் சுத்துங்க.” முடிக்கும்போது நாலாவது அடி போய்விட்டது. ஐந்தாவது அடியில் அவர்கள் கை நீட்டுகிறார்கள். எட்டு அடி வேலைக்கு அவர்களிடம் மிச்சம் இருப்பது நாலு அடி, இரண்டே நொடி. சுற்றி முடிப்பதற்குள் அடுத்த ‘ஒன்று’ வந்துவிடுகிறது, நான் மறுபடி வாய் திறக்கிறேன். ஓடாமல் என்ன செய்வார்கள்?

பென்சிலை என் கையிலிருந்து நழுவவிட்டது அது இல்லை. எல்லாரும், வளையத்தில் இருந்த ஒன்பது நால்வர் கூட்டங்களும், ஒரே மாதிரி நாலு அடி தாமதமாக இருந்தார்கள். தாளம் வராதவர்கள் என்றால் ஒருவர் இரண்டு அடி, ஒருவர் ஐந்து அடி, ஒருவர் ஆறு அடி என்று கலைந்து கிடப்பார்கள். இவர்கள் முப்பத்தாறு பேரும் ஒரே அடியில் காலெடுத்து வைக்கிறார்கள், தப்பான அடியில். அதாவது, கேட்டதும் செய்கிறார்கள், சேர்ந்து செய்கிறார்கள், இசையைக் கேட்டுக்கொண்டே செய்கிறார்கள். அந்த நாலு அடி அவர்களுடையது இல்லை. என்னுடையது. “நல்லாத்தான் ஆடினீங்க” என்று அந்த அம்மாவிடம் சொன்னது பொய்யே இல்லை போலிருக்கிறது. வீடியோவின் ஓரத்தில் அவரும் இருந்தார். ஐந்தாவது அடியில் மிகச் சரியாகக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் சொல்வதில் முதல் பாடமே இதுதான், எல்லாரும் சொல்வார்கள்: இப்போது நடப்பதைச் சொல்லாதே, வரப்போவதைச் சொல். முந்தைய எட்டின் ஐந்தாவது அடியில் தொடங்கி எட்டாவது அடியில் முடித்துவிட வேண்டும். அப்போதுதான் அவர்கள் ‘ஒன்று’ விழும்போது கால் எடுத்து வைக்க முடியும். எனக்கும் இது தெரியும். தெரிந்தும் ஏன் தவறினேன் என்றால், அவர்கள் இப்போதைய வேலையை முடிக்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொல்ல மனது வரவில்லை. முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அந்தக் கருணைதான் அவர்களை ஓட விட்டது. அப்புறம் ஒரு மாதம் வீட்டில் இசையைப் போட்டு, நாலு நாற்காலிகளை நட்டநடு அறையில் நிறுத்தி, அவற்றுக்கு ஆட்டம் சொல்லிப் பழகினேன். நாற்காலிகள் எந்த அடியிலும் நகராதவை, அவற்றைப் பார்த்து இரக்கப்பட வேண்டியதில்லை.

வலமா, இடமா

நாற்காலிகளிடம் பேசியதில் இன்னொரு விஷயம் பிடிபட்டது. நாலு அடிக்குள் ஒரு தமிழ் வாக்கியத்தை அடக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. “சுத்துங்க” என்று மரியாதையாகச் சொன்னால் அந்த விகுதிக்கே ஓர் அடி போய்விடுகிறது. “சுத்து” என்று வெட்டினால், எதிரே அறுபது வயது அம்மா. மைக்கில் அவரை ஒருமையில் அதட்டுவது போல ஆகிவிடும். ரொம்ப நாள் இதில் மாட்டிக்கொண்டு முழித்தேன். கடைசியில் வினைச்சொல்லையே தூக்கிப்போட்டேன். “வட்டம்!”, “வலக்கை நட்சத்திரம்!”, “உள்ளே!”, “வெளியே!” பெயரையோ திசையையோ சொன்னால் போதும். மரியாதையும் கெடவில்லை, அடியும் மிச்சம். முழு வாக்கியமெல்லாம் இசை தொடங்குமுன் நடத்திக் காட்டும்போது பேசிக்கொள்ளலாம்.

திசை அதைவிடப் பெரிய வம்பு. ஆங்கிலத்தில் ‘இடது பக்கமாக வட்டம்’ என்பது எல்லா ஆட்டத்துக்கும் தொடக்கம் மாதிரி. வட்டத்தின் நடுவைப் பார்த்து நின்று, இடக்கைப் பக்கம் நகர வேண்டும். நான் அப்படியே “இடது பக்கம்” என்றேன். அந்த அம்மாதான் நிறுத்திக் கேட்டார்: “தம்பி, இது வலம் வர்ற திசைதானே? நீங்க ஏன் இடம்னு சொல்றீங்க?” யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நடுவைப் பார்த்து நின்று இடப்பக்கம் நகர்ந்தால், மேலிருந்து பார்க்கக் கடிகார முள் ஓடும் திசை. அதே திசையில் முகத்தைத் திருப்பி நடந்தால் நடு வலக்கைப் பக்கம் இருக்கும். அதைத்தான் வலம் வருவது என்கிறோம். இடது என்றாலும் வலம் என்றாலும் ஒரே திசை! பாதிப்பேர் காதால் கேட்டதைச் செய்தார்கள், பாதிப்பேர் உடம்புக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். அன்றிலிருந்து நான் ‘வலம்’ என்றே சொல்கிறேன், திரும்பி வர ‘மறுபக்கம்’. ஒருவரும் குழம்புவதில்லை.

ஆண், பெண் என்று பிரித்துச் சொல்வதையும் விட்டுவிட்டேன். ஜோடி என்றால் அக்காவும் தங்கையும் இருப்பார்கள், தாத்தாவும் பேரனும் இருப்பார்கள். பல கான்ட்ரா அரங்குகளில் இப்போது இடப்பக்கம் நிற்பவரை லார்க் என்றும் வலப்பக்கம் நிற்பவரை ராபின் என்றும் கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இடதுக்கும் வலதுக்கும் அதே முதலெழுத்துகள் என்பதால் மறக்காது. நல்ல யோசனை என்று மொழிபெயர்த்துத் தொலைத்தேன். லார்க் என்றால் வானம்பாடி. வானம்பாடிக்கு முதலெழுத்து ‘வ’. இடப்பக்கம் நிற்க வேண்டியவர்கள் எல்லாம் வலப்பக்கம் போய் நின்றார்கள். இப்போது இடப்பக்கம் நிற்பவர் இலை, வலப்பக்கம் நிற்பவர் வேர். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

தொலைந்தவர் எங்கே திரும்புவார்

இவ்வளவுக்கும் பிறகுதான் ‘எளிய ஆட்டம்’ என்றால் என்ன என்ற கேள்விக்குத் திரும்பி வந்தேன். முன்பெல்லாம் அடவு எளிதா என்று பார்ப்பேன். இப்போது ஆட்டத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒருவரை மனதுக்குள் தொலைத்துப் பார்க்கிறேன். இருபதாவது அடியில் இவர் திரும்பத் தவறிவிட்டார், எத்தனை அடிக்குள் தானாக வந்து சேர்வார்? நீள வரிசையில் அவர் வந்து சேர்வதே இல்லை, இன்னும் நாலு பேரை இழுத்துக்கொண்டு போவார்.

சர்காசியன் சர்க்கிள் என்று ஒன்று இருக்கிறது. எல்லாரும் ஒரே பெரிய வட்டம். கை கோத்து எல்லாரும் உள்ளே போய் வெளியே வருவது இரண்டு முறை, 16 அடி. வேர்கள் மட்டும் உள்ளே போய் வர 8, இலைகள் மட்டும் போய் வர 8. ஜோடியோடு சுழல 16. ஜோடியோடு கைபிடித்து வட்டத்தைச் சுற்றி நடக்க 16. மறுபடி எல்லாரும் கை கோத்து உள்ளே. நடையின்போது ஜோடி தொலைந்தாலும், திசை தப்பினாலும், குழந்தை அழுகிறது என்று ஒருவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. ‘உள்ளே!’ என்ற குரல் வரும்போது பக்கத்தில் இருக்கிற இரண்டு கைகளைப் பிடித்தால் போதும், அவர் ஆட்டத்துக்குள் வந்துவிட்டார். இசையின் ஒரு சுற்று 64 அடி, அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த வட்டம் எல்லாரையும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

வர்ஜீனியா ரீல் வேறு விதத்தில் தாங்கும். ஆறு ஜோடி நிற்கும், தலைஜோடி மட்டும் நடுவே குதித்துக் கடைசிவரை ஓடித் திரும்பும், பிறகு வரிசைகள் இரண்டும் வெளிப்பக்கமாகப் பிரிந்து கீழே போய், தலைஜோடி தூக்கிய கைகளுக்கு அடியில் நுழைந்து மேலே வரும். அடுத்த ஜோடி தலையாகிவிடும். கடைசியில் நிற்பவர் ஐந்து முறை பார்த்துவிட்டுத்தான் தன் முறைக்கு வருகிறார். ஆகவே தைரியசாலியை மேலே நிறுத்து, தயங்குகிறவரைக் கீழே நிறுத்து, பாதி வேலை முடிந்தது. ஆனால் அதில் ‘ரீல்’ என்றே சொல்லப்படும் பகுதி, தலைஜோடி முழங்கை கோத்து ஒவ்வொருவரோடும் மாறி மாறிச் சுழன்று வருவது, புதியவர்களிடம் இசைக்குள் அடங்குவதில்லை. நான் அதை வெட்டிவிடுவேன். பெயரில் இருப்பதையே வெட்டுகிறாயே என்று பழகிய ஆட்டக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். வெட்டாமல் ஆடிய அன்று மன்னிப்புக் கேட்டவர்களை அவர் பார்த்ததில்லை.

சுழலும் இடத்தில் இரண்டு கையைப் பிடித்து நடந்தாலே போதும். ஒருவர்மீது ஒருவர் எடையைச் சாய்த்துச் சுழல்வது அழகுதான், ஆனால் முதல் நாளில் தலைசுற்றலும் தோள்வலியும்தான் மிஞ்சும். நடத்திக் காட்டுவது ஒரே முறை. இரண்டாம் முறை காட்ட வேண்டி வந்தால் அந்த ஆட்டத்தைப் பையில் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. “ஜோடி சேருங்க” என்றும் தொடங்கக் கூடாது. அதைக் கேட்டதும் பாதிப்பேர் நாற்காலியைத் தேடுவார்கள். முதலில் எல்லாரையும் கை கோத்து வட்டமாக்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவர்தான் ஜோடி என்று அப்புறம் சொன்னால் யாரும் ஓட முடியாது. இன்னொன்று, “இது ரொம்ப சுலபம்” என்ற வார்த்தையை மைக்கில் சொல்வதை அறவே நிறுத்திவிட்டேன். தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொல்வோம். தவறியவர் காதில் அது, ‘சுலபமானதுகூட உனக்கு வரவில்லை’ என்றுதான் விழும்.

போன மாதம் மூன்றாவது முறையாக அதே குழு. சர்காசியன் சர்க்கிளோடு தொடங்கினேன். இரண்டு சுற்று முழுதாகச் சொன்னேன். மூன்றாவதில் பாதிச் சொற்களை விட்டேன். நாலாவதில் ‘உள்ளே’ மட்டும். ஐந்தாவதில் மைக்கை இறக்கிவிட்டு நின்றேன். வாயைத் திறக்காமல் நிற்பது எனக்கு இன்னும் பழகவில்லை, கை நடுங்கத்தான் செய்கிறது. நடை முடியப்போகிறது, ஐந்தாவது அடி, ஆறாவது அடி. வட்டத்தின் எதிர்ப்புறத்திலிருந்து “உள்ளே!” என்று ஒரு குரல் வந்தது. அந்த அம்மாதான். எட்டாவது அடிக்குள் முடித்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து மூச்சிரைக்க என் பக்கம் வந்தார். இந்த முறை செருப்பு காலிலேயே இருந்தது.

“அடுத்தது என்ன தம்பி?”